கீழமடையிலிருந்து கொக்கிரகுளம்: எங்கள் தெருச் சாவுகளை எழுதிவைக்கப் போன பயணம்

பரிதாபி வருஷம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் மருமகள் பேச்சியும் கீழமடையிலிருந்து கொக்கிரகுளம் கச்சேரிக்குப் போய் அன்றைக்கே திரும்பி வந்தோம். போக வர முப்பது மைல். போனது ஒரு கிணறு கேட்க. கோயில் குளம் பார்க்கப் போகிற பயணம் மாதிரி இது சொகுசாக இருக்காது. ஆனால் உங்கள் தெருவுக்கும் ஒருநாள் இப்படிப் போகவேண்டி வரலாம். அதனால் எந்த வண்டி, எத்தனை நேரம், எங்கே நிற்பது, என்ன பேசுவது, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொல்லுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுகிறார். மணிக்கணக்கெல்லாம் அங்கங்கே ஆட்களிடம் கேட்டு மனசில் வைத்துக்கொண்டது. தப்பியிருக்காது.

கீழமடை சேரமாதேவிக்குக் கிழக்கே மூன்று மைலில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. மேலத் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு. கீழத் தெருக்காரர்களான எங்களுக்கு வாய்க்கால்தான் எல்லாம். மேலே குளித்து, துவைத்து, மாடு கழுவி விட்ட தண்ணீர் எங்கள் குடத்துக்கு வந்து சேரும். அந்த வாய்க்காலில் நாற்பது வருஷம் நான் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், இந்த முறை முழுக்க என் தலைக்குள்தான். என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. முறை தப்பிவிட்டது என்று நிரூபித்தவன் ஒருத்தன் கிடையாது.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் ஜனம் திரண்டு வந்து ஆற்றில் முழுகும். பத்துப் பதினைந்து நாளில் கீழே எங்களுக்கு வாந்திபேதி வரும். இது வருஷா வருஷம் நடக்கிற காரியம். எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பேதி கண்டவனைத் தெருவில் வைத்திருக்க மாட்டோம். கட்டிலோடு தூக்கி, வாய்க்காலின் கல்பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பனந்தோப்பில் ஓலைக்குடிசை போட்டுக் கிடத்துவோம். வீட்டாள் ஒருத்தர் கூட இருப்பார். பிழைத்தால் நடந்து வருவான். பிழைக்காவிட்டால் அங்கேயே குழி. நோய் தெருவுக்குள் தங்கக்கூடாது என்று முன்னோர் வைத்தது. அதில் எங்களுக்கு ஒரு மிதப்பும் இருந்தது. "கீழத் தெருவில் பேதிச் சாவே கிடையாது" என்று வெளியூரில் சொல்லிக்கொள்வோம். பெண் கொடுக்கிறவர்கள் அதைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள். அதை அதிகமாகச் சொல்லித் திரிந்தவன் நானேதான். ஒளிப்பானேன்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஜில்லா போர்டின் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் கரையில் நின்றார். சின்ன வயசு. பேச்சு மரியாதையான பேச்சு.

"போர்டுல போன வருஷம் புதுசா ஒரு தீர்மானம் போட்டாங்க அண்ணாச்சி. நூறு கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கிற பெரிய தெருவுக்கெல்லாம் இனி முதல்ல கிணறு கிடையாது. எந்தத் தெருவுல பேதிக்கு ரொம்பச் சாவுதாங்களோ, அங்கதான் முதல் கிணறு. மூடி போட்டு, கைப்பம்பு வச்சு."

எனக்குக் காது குளிர்ந்துவிட்டது. "அப்ப எங்களுக்குத்தான்னு சொல்லும்."

"உங்களுக்கு எப்படி? நாலு வருஷச் சாவு ரிஜிஸ்தரைப் பார்த்துட்டேன். கீழமடைக் கீழத் தெருவுல ஒரு பேதிச் சாவு இல்லை. நீரும் என்கிட்ட அப்படித்தானே சொன்னீரு? ஓடைக்கரைதான் மோசம். அதான் போன வருஷமே அங்கன கிணறு வெட்டியாச்சு."

ஓடைக்கரை என்பது பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர். மொத்தம் பன்னிரண்டு வீடு. பனந்தோப்பு அவர்கள் எல்லைக்குள் இருக்கிறது. சாவு எந்த எல்லையில் நடக்கிறதோ அந்த ஊர் முன்சீப் அதை எழுதுவார். ஆக, செத்ததெல்லாம் எங்கள் ஆள், எழுதினதெல்லாம் ஓடைக்கரையில், கிணறும் ஓடைக்கரைக்கு. எல்லைக்கல் எங்கே புதைந்து கிடக்கிறது என்று இரண்டு ஊரிலும் எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் இது எனக்கு ஓடவில்லை.

பேச்சி இடுப்பில் குடத்தோடு இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். என் மகன் இசக்கிமுத்துவின் பெண்சாதி. அவன் இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆவணியில் பேதியில் போய்விட்டான். கையில் ஒரு பெண்குழந்தை, இரண்டரை வயசு. அடுத்த ஆடிக்கு நாலரை மாதம்தான் இருந்தது. அவள் குடத்துத் தண்ணீரை ஒருதரம் பார்த்தாள், என்னை ஒருதரம் பார்த்தாள். "இதைத்தான மாமா பிள்ளைக்குக் குடுக்கேன்" என்றாள்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும், நேரில் வந்து சொன்னால் கேட்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் நாள் சொல்லிப் போனார். தெருக் கூட்டத்தில் நான் போவதாகச் சொன்னதும் நாட்டாமை சுடலைமுத்து குதித்தார்.

"நீரே ஊரெல்லாம் சாவு இல்ல சாவு இல்லன்னு சொல்லிட்டு, இப்ப நீரே போயி உண்டுன்னு சொல்லப் போறீராவே? தெரு மானம் என்னத்துக்கு ஆகும்? எம் மவனுக்குத் தெக்க பொண்ணு பேசி முடிக்கிற நேரம்!"

பேச்சி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "பொண்ணு வரட்டும் நாட்டாமை. வந்த பொண்ணு எந்தத் தண்ணியக் குடிப்பா?"

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இனிப் பயணம். கீழமடையிலிருந்து அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டோம். வாய்க்கால் கரையோடு மூன்று மைல், சேரமாதேவி ஸ்டேஷனுக்கு ஒன்றேகால் மணி நேரம். என் வயசுக்கு அது. உங்களுக்கு ஒரு மணி போதும். வண்டி ஏழு மணிக்கு. மூன்றாம் வகுப்பு டிக்கெட் தலைக்கு இரண்டரை அணா. பேச்சி மடியில் கட்டுச்சோறும், எனக்கு ஒரு துவைத்த வேட்டியும் இருந்தன. வேட்டியைக் கச்சேரிக்குப் போய்க் கட்டுங்கள். ரயிலில் கட்டினால் கரி.

வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது எந்தப் பக்கம் இருந்தாலும் எட்டிப் பாருங்கள். இத்தனை வருஷம் தண்ணீரோடு கிடந்தவன், ஆற்றை மேலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். படித்துறையில் குளிக்கிறவர்கள், அதற்குக் கீழே துவைக்கிறவர்கள், அதற்குக் கீழே எருமை, அதற்குக் கீழே குடம் முக்குகிறவர்கள். பாபநாசத்தில் கால் நனைத்தவன் அழுக்கு புன்னக்காயலில் கடலுக்குப் போகிற வரைக்கும் இப்படி யாராவது ஒருத்தர் கீழே குடத்தோடு நிற்கிறார்கள். பேச்சி கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். பாலம் முடிந்துவிட்டதா முடிந்துவிட்டதா என்று ஐந்துதரம் கேட்டாள்.

பேட்டையில் ஒரு ராவுத்தர் ஜவுளி மூட்டையோடு ஏறினார். என் வயசு இருக்கும். மூட்டையை என் கால்மேல் வைத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எங்க நெசவுத் தெருவுக்கு முனிசிபாலிட்டி கிணத்துக்கு மூடி போட்டு, சாக்கடையக் கட்டிக் குடுத்தது எப்படீன்னு நெனைக்கீரு? மூணு தரம் போயி அழுதோம். கண்ணத் தொடச்சிட்டு வந்தோம். நாலாம் தரம் அழுகல. எந்த வீடு, எந்த மாசம், எத்தனை மவுத்து, எத்தனை சாவுன்னு வரிசையாச் சொன்னோம். ரெண்டு மாசத்துல ஆள் வந்துட்டான்."

"எங்கிட்ட எழுத்து இல்லையே."

"ஞாபகம்?"

"அது கெடக்கு, மடை முறை மாதிரி."

"அப்ப போதும்வே. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடும். கச்சேரியில ஒரு பேரு தப்பிச்சுன்னா எல்லாப் பேரும் தப்பினதாத்தான் எழுதுவான். பார்த்துப் பேசும்." டவுன் ஸ்டேஷனில் இறங்கிப் போகும்போது மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துண்டுத் துணி எடுத்துக் கொடுத்தார். "பிள்ளைக்குச் சட்டை தைச்சுப் போடு தாயி" என்று பேச்சியிடம் சொன்னார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

எட்டு மணிக்குப் பாலம் ஸ்டேஷனில் இறங்கினோம். கொக்கிரகுளம் அங்கிருந்து ஒரு மைலுக்குள். பெரிய ஆற்றுப் பாலத்தில் நடந்தே போகலாம். வண்டிக்காரன் நாலணா கேட்பான், கொடுக்காதீர்கள். பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கி, ஆற்றில் முகம் கழுவி, மரத்தடியில் சோற்றைப் பிரித்தோம். பங்குனியில் போனால் பாளையங்கோட்டைப் பக்கத்துப் பதநீர் அங்கே வரும். ஒரு ஓலைப்பட்டை காலணா. குடித்துவிட்டுப் போங்கள், கச்சேரியில் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

கூட்டம் பதினோரு மணி என்றார்கள். வாசலில் பித்தளை வில்லை மாட்டின சேவகன் மறித்தான்.

"மனு எங்க?"

"வாயில இருக்கு."

"வாயில இருக்கிறதை உள்ள வாங்க மாட்டாங்க. அந்த வேப்பமரத்துக்கிட்டப் போயி நில்லும்."

நின்றோம். மனுவோடு வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். வெயில் நகர நகர நாங்களும் மரத்தைச் சுற்றி நகர்ந்தோம். ஒரு மணிக்கு அந்தச் சின்ன வயசு இன்ஸ்பெக்டர் வெளியே வந்து பார்த்துவிட்டுச் சேவகனைச் சத்தம் போட்டார். தாழ்வாரத்தில் ஏறி நிற்கச் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து அந்தத் தாழ்வாரத்தில் ஏறியது நாங்கள்தான் முதல். இதை வாத்தியார் எழுத மறந்தால் விடமாட்டேன்.

உள்ளே மேஜையைச் சுற்றி ஆறு பேர். நடுவில் வைஸ் பிரசிடெண்டு; திருநீறு பூசின ஒரு பிள்ளைமார் வக்கீல் அவர். பக்கத்தில் குமாஸ்தா. இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர், கீழமடை ரிஜிஸ்தரையும் ஓடைக்கரை ரிஜிஸ்தரையும் முன்கூட்டியே வரவழைத்து மேஜையில் வைத்திருந்தார்.

"கீழமடைக்கா கிணறு?" என்று குமாஸ்தா நாலு பக்கம் புரட்டினார். "நாலு வருஷத்தில் பேதிக் கட்டத்தில் ஒன்றுமில்லை. ஜில்லாவிலேயே ஆரோக்கியமான தெரு."

மேஜையில் சிரித்தார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு வழக்கத்தைச் சொன்னேன். கட்டில், கல்பாலம், தோப்பு, எல்லைக்கல். நான் அடித்துத் திரிந்த பெருமையையும் சொன்னேன். பிறகு, "ஓடைக்கரைப் புஸ்தகத்தைத் தொறங்க எஜமான். எங்க தெரு வரிசைக்கு நான் சொல்லிக்கிட்டு வாரேன். பேரு இருக்கான்னு பாருங்க" என்றேன்.

ஆரம்பித்தேன். தலைமடைப் பக்கத்திலிருந்து முதல் வீடு, உலகம்மாள், புரட்டாசி. குமாஸ்தா விரலை ஓட்டினார். "இருக்கு." இரண்டாம் வீட்டில் சாவு இல்லை, வெள்ளையன் பேதி கண்டு பிழைத்தான். மூன்றாம் வீடு, அப்பனும் மகனும், ஒரே ஆவணியில், நாலு நாள் இடையில். "இருக்கு... இரண்டும் இருக்கு." நாலாம் வீடு, பிரசவமாகிப் பதினோரு நாள் ஆன பெண். "இருக்கு." விரல் வேகமாகப் போக ஆரம்பித்தது. மேஜையில் சிரிப்பு நின்றது. ஒரு மெம்பர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வீட்டு ஊரில் செத்ததாக எழுதியிருந்த ஜனம் எல்லாம் என் வாய் வழியாகத் தெருவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது என் வீடு. தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. முறை தப்பிப் பழக்கமில்லை. சொன்னேன். "இசக்கிமுத்து. ஆவணி. எம் மகன்."

குமாஸ்தாவின் விரல் மேலே போனது, கீழே வந்தது. பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் மேலே போனார். "இல்லை." கீழமடைப் புஸ்தகத்தையும் பார்த்தார். "இதிலும் இல்லை."

"நல்லாப் பாருங்க எஜமான்."

"இல்லை என்கிறேனே!"

ஓரத்தில் இருந்த பெரிய மெம்பர் ஒருவர், "ஒன்று தப்பாக இருந்தால் மற்றதை எப்படி நம்புவது? கிணற்றுக்காக யாரையாவது சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள்" என்றார். ரயிலில் ராவுத்தர் சொன்னது மறுபடி என் காதில் விழுந்தது. என் மகன் பேரில் போய் இது தப்ப வேண்டுமா என்று நின்றேன்.

தாழ்வாரத்து ஓரத்திலிருந்து பேச்சி பேசினாள். முக்காட்டை இழுத்துக்கொண்டாளே தவிர, குரல் ஆடவில்லை.

"நான் சொல்லுதேன் எஜமான். நடுப்பகல்ல கட்டிலத் தூக்குனாங்க. நான் காலைப் புடிச்சிக்கிட்டே போனேன். பாலத்துல போவும்போது அவுக தண்ணி தண்ணின்னு கையத் தூக்குனாங்க. கட்டில எறக்கி வச்சாங்க. கீழ வாய்க்கால் நெறையத் தண்ணி. அள்ளிக் குடுக்குமுந்தி போயிட்டாங்க. ஓடைக்கரை முன்சீப்பு, பாலத்துல செத்தா எனக்கென்னன்னாரு. எங்க முன்சீப்பு, தெருவுல சாவலியேன்னாரு. ரெண்டு பேரும் எழுதல. அதனால எஜமான், எங்க வீட்டுக்காரக இன்னும் எந்த ஊர்லயும் சாவல."

முன்சீப்புகளிடம் போனது அவள்தான்; அவர்கள் எழுதாதது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வைஸ் பிரசிடெண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பெரியவரே, எல்லை எங்கே?"

"வாய்க்காலுக்கு நடுவுல எஜமான். பாலத்துல ஏழு கல் பாவியிருக்கு. நாலாவது கல்லுக்கு நடுவுல எல்லை."

"கட்டில் எந்தக் கல்லில் இருந்தது?"

"எங்க பக்கமிருந்து மூணாவது கல்லுல."

"அது எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்லுகிறீர்?"

"மூணாவது கல்லு மூலை உடைஞ்ச கல்லு. எறக்கும்போது கட்டில் கால் அந்த உடைசல்ல மாட்டிக்கிட்டு. திரும்பத் தூக்க வரல. நான்தான் குனிஞ்சு காலை எடுத்து விட்டேன்."

அவர் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "கீழமடை ரிஜிஸ்தரில் எழுதும்."

"இரண்டு வருஷம் பிந்தி எப்படி..."

"பிந்திய பதிவு என்று ஓரத்தில் எழுதும்வே. முன்சீப்புக்கு நான் தாக்கீது அனுப்புகிறேன். கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்."

பேர் கேட்டார்கள். சொன்னேன். வயசு கேட்டார்கள். "இருபத்தாறு" என்றாள் பேச்சி. பேனா கரகரவென்று போகிற சத்தம் கேட்டது. நாலு வருஷத்தில் எங்கள் தெருவுக்கு எழுதப்பட்ட முதல் பேதிச் சாவு அது. ஊரெல்லாம் 'எங்கள் தெருவில் கிடையாது' என்று சொல்லிக்கொண்டு போனவன் நான். அந்தப் பெருமையை உடைத்தது என் பிள்ளையின் பேர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

மிச்ச வீடுகளையும் சொல்லி முடித்தேன். மொத்தம் பதினேழு பேர். ஒன்றுகூடத் தப்பவில்லை. சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்ற மெம்பரே எழுந்து, "இந்தக் கிணறு இவர்களுக்குத்தான், இதில் பேச்சென்ன" என்றார். அதோடு விடவில்லை. தோப்பிலோ ஆஸ்பத்திரியிலோ எங்கே செத்தாலும், பேதிச் சாவை அவன் குடியிருந்த தெருப் பேரில் குறிக்கவேண்டும், கிணறு கொடுக்கும்போது அந்தக் குறிப்பைத்தான் பார்க்கவேண்டும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். அது எங்களுக்கு மட்டுமில்லை. இந்த ஆற்றங்கரை முழுக்க இருக்கிற கீழத் தெருக்களுக்கும் சேர்த்து. கவர்மெண்டு, போர்டு என்றால் வரி வாங்குகிற ஆட்கள் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

திரும்புகிற வண்டி ஐந்து மணிக்கு. ஆறு மணிக்குச் சேரமாதேவி. ஆற்றுப் பாலத்தில் இந்தத்தரம் பேச்சி கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நாட்டாமை தெருமுனையில் நின்றிருந்தார். "என்னவே ஆச்சு?" என்றார். "சாவு உண்டுன்னு எழுதியாச்சு" என்றேன். "கெட்டுது குடி" என்று தலையில் கைவைத்தார்.

சித்திரையில் இன்ஸ்பெக்டர் கயிறும் குச்சியும் கொண்டுவந்து அளந்தார். பதினெட்டு அடியில் பாறை தட்டியது. கூலியாட்கள் இரண்டுநாள் பார்த்துவிட்டுக் கையை உதறினார்கள். மூன்றாம் நாள் கடப்பாரையோடு உள்ளே இறங்கினது யாரென்று நினைக்கிறீர்கள்? நாட்டாமை மகன், கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளைதான். பின்னாலேயே தெரு முழுக்க இறங்கியது. ஆனி கடைசியில் மூடி போட்டு, பம்பு மாட்டினார்கள். முதல் குடம் பேச்சி அடித்தாள். அந்தத் தண்ணீரை என் பேத்தி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். ராவுத்தர் கொடுத்த துணியில் தைத்த சட்டை முழுக்க நனைந்தது.

ஆடி அமாவாசை வந்தது, போனது. ஆவணி முழுக்க நான் சாயங்காலம் சாயங்காலம் கல்பாலத்தில் போய் நின்றேன். மேலே ஒரு கட்டிலும் வரவில்லை. தெருவில் பேதி கண்டது ஒரே ஆளுக்கு. பம்புத் தண்ணீர் இரும்பு நாறுது என்று ஒளித்து ஒளித்து வாய்க்காலில் குடித்தவர், நம் நாட்டாமை. தூக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ஆறுநாளில் நாட்டாமை எழுந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது பம்படியில் யார் கால் கழுவினாலும் கத்துகிற முதல் ஆள் அவர்தான்.

பெண் வீட்டார் விஷயம் கேள்விப்பட்டு ஐப்பசியில் வந்தார்கள். "உங்க தெருவுல பேதிச் சாவு உண்டாமே?" என்று பெண்ணைப் பெற்றவர் இழுத்தார். நாட்டாமை என்னை ஒருதரம் பார்த்தார். "உண்டுவே. பதினேழு. கொக்கிரகுளம் கச்சேரியில எழுதியிருக்கு, போயிப் பாத்துக்கிடும். போவுமுன்ன இந்தத் தண்ணிய ஒரு செம்பு குடிச்சிட்டுப் போம்" என்றார். பெண்ணைப் பெற்றவர் குடித்தார். தை மாதம் கல்யாணம்.

உங்கள் தெருவுக்காக நீங்கள் போவதானால், நான் கண்டதைச் சொல்லுகிறேன். காலை ஏழு மணி வண்டியை விடாதீர்கள். எழுத்துத் தெரிந்தவர் இல்லையே என்று தயங்க வேண்டாம், ஆனால் வீட்டு வரிசையில் சொல்லுங்கள். செத்தவரைத் தொட்டுத் தூக்கினவர் ஒருத்தரைக் கூடக் கூட்டிப் போங்கள், அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. தெருப் பெருமையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சோறு இரண்டு வேளைக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் கிணற்றைப் பார்க்க வருகிறவர்களும் இப்போது உண்டு. வாருங்கள். சேரமாதேவி ஸ்டேஷனில் இறங்கி, வாய்க்கால் கரையோடு கிழக்கே மூன்று மைல். கல்பாலம் தெரிகிற இடத்தில் பம்புச் சத்தம் கேட்கும். பாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. தாண்டினாலும் கல்லை எண்ணிக்கொண்டு நடங்கள். மூன்றாவது கல்லில் மூலை உடைந்திருக்கும், கால் இடறாமல் பைய வையுங்கள். அந்தக் கல் எங்கள் ஊர்.